ஒரே தொகுதி, ரெண்டு எம்.பி.: தேர்தல் ஆணையத்தின் பழைய அறிக்கைகள் எப்படி இருக்கின்றன?

அம்பேத்கர் பம்பாயில் எத்தனை ஓட்டில் தோற்றார் என்று தாராவியில் நாலு பேரிடம் கேட்டால் நாலு எண் வரும். அசல் எண் இருக்கும் இடம், தேர்தல் ஆணையம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் 1951, 1957 மக்களவைத் தேர்தல் புள்ளிவிவர அறிக்கைகள். வேட்பாளர் வாரியாக ஓட்டு வேண்டுமென்றால் 1951 அறிக்கையின் முதல் பாகம் போதும். இரண்டாம் பாகம் தொகுதிச் சுருக்கம்தான், அவசரத்துக்கு ஆகாது.

தகவலில் குறை சொல்ல முடியாது. படிக்கிற ஆளுக்கு உதவுவதில்தான் கோட்டை விட்டிருக்கிறார்கள். 1951-52இல் 489 இடங்களுக்கு 401 தொகுதிகள்தான் இருந்தன: 314 ஒற்றை, 86 இரட்டை, வட வங்காளம் மட்டும் மூன்று இடம். 1957இல் 494 இடங்களுக்கு 403 தொகுதிகள், அதில் 91 இரட்டை. 1961இல் வந்த ஒழிப்புச் சட்டத்தோடு இந்த முறை போயிற்று, 1962 முதல் எல்லாமே ஒற்றை. இந்தப் பின்னணி தெரியாமல் அட்டவணையைத் திறந்தால், கண்ணுக்கு நேராக இருக்கும் எண்ணையே தப்பாகப் படிப்போம்.

பம்பாய் நகர வடக்கு, 1952. காங்கிரஸின் வி.பி. காந்தி 1,49,138. சோஷலிஸ்ட் அசோக் மேத்தா 1,39,741. காங்கிரஸின் நாராயண் கஜ்ரோல்கர் 1,38,137. பட்டியலினக் கூட்டமைப்பின் அம்பேத்கர் 1,23,576. கம்யூனிஸ்ட் டாங்கே 96,755. முதல் இரண்டு பேர்தானே ஜெயித்திருப்பார்கள்? இல்லை. மூன்றாவதாக வந்த கஜ்ரோல்கர் எம்.பி., இரண்டாவதாக வந்த மேத்தா வீட்டுக்கு. ரெண்டு இடத்தில் ஒன்று பட்டியலினத்தவருக்கு ஒதுக்கிய ‘தனி’ இடம். கஜ்ரோல்கரும் பட்டியலின வேட்பாளர்தான். பட்டியலின வேட்பாளர்களில் அதிக ஓட்டு வாங்கியவருக்குத் தனி இடம் முதலில் போய்விடும். அதன் பிறகு, மிச்சமிருக்கும் எல்லோரிலும் முன்னால் நிற்பவருக்குப் பொது இடம். ஆகவே ஓட்டு வித்தியாசத்தை அடுத்தடுத்த வரிகளில் கழித்துப் பார்க்கக் கூடாது. கஜ்ரோல்கருக்கும் அம்பேத்கருக்கும் 14,561, காந்திக்கும் மேத்தாவுக்கும் 9,397. இந்த இரண்டு கழித்தல்தான் சரி. முதல் இரண்டு பெயரை வெற்றியாளர் என்று எடுக்கும்படி எழுதிய கணினி நிரல் இங்கே அசோக் மேத்தாவை எம்.பி. ஆக்கிவிடும்!

பொது இடம் என்றால் மற்றவர்களுக்கு மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். 1957இல் பார்வதிபுரத்தில் தனி இடம், பொது இடம் இரண்டையும் பழங்குடி வேட்பாளர்களே எடுத்தார்கள். பொது இடத்தைச் சூரி தோராவிடம் பறிகொடுத்தவர், பின்னாளில் குடியரசுத் தலைவரான வி.வி. கிரி. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1959இல் தோராவின் வெற்றி உறுதியானது.

அடுத்த பள்ளம், வாக்குப்பதிவு விகிதம். 1951-52இல் வாக்காளர்கள் 17,32,12,343, செல்லுபடியான ஓட்டுகள் 10,59,50,083. வகுத்தால் 61 சதவீதம் வரும். உண்மையான பதிவோ 45 சதவீதத்தை ஒட்டித்தான். இரட்டைத் தொகுதியில் ஒரு ஆளுக்கு ரெண்டு ஓட்டுச்சீட்டு, எண்ணப்பட்டது ஆளை இல்லை, சீட்டை. சரி, அந்தத் தொகுதிகளின் ஓட்டை ரெண்டால் வகுத்துவிடலாமே என்றால் அதுவும் முழுசாகச் சரிவராது. ஒரே ஒரு சீட்டைப் போட்டுவிட்டுப் போனவர்களும் உண்டு. பாதியாக்கி வரும் எண்ணை ‘குறைந்தபட்சம் இத்தனை பேர்’ என்று மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

அறிக்கை வாயே திறக்காத இன்னொரு சங்கதி, அந்த ரெண்டு சீட்டு போன விதம். அப்போது வேட்பாளருக்கு ஒரு பெட்டி, பெட்டி மேல் சின்னம். ரெண்டு சீட்டையும் ஒரே பெட்டியில் போட்டால் ஒன்றுதான் செல்லும், மற்றது கழிவு. இப்படி ஓட்டை வீணாக்கச் சொல்லி டாங்கே தரப்பு பிரசாரம் செய்தது என்று அம்பேத்கரும் மேத்தாவும் மனுப் போட்டார்கள். மனு தள்ளுபடி ஆனது. வெறும் அட்டவணையைப் பார்த்து இதை யாரும் கண்டுபிடிக்க முடியாது. 1957இல் பம்பாய் நகர மத்திக்கு வந்தால் காட்சியே தலைகீழ். பம்பாயோடு சேர்ந்த மராத்தி மாநிலம் கேட்ட சம்யுக்த மகாராஷ்டிர இயக்கத்தின் அலையில் டாங்கேவும், பட்டியலினக் கூட்டமைப்பின் மானேயும் சேர்ந்து ஜெயித்தார்கள்.

சொந்த ஊர்க் கணக்கைத் தேடும் மும்பைத் தமிழர்களுக்கு: மாநிலம் ‘மெட்ராஸ்’. 1952 பட்டியலில் ஆந்திரப் பகுதியும் அதற்குள்தான். மயிலாடுதுறை என்று தேடினால் வராது, மாயூரம் என்று தேட வேண்டும். ஆனந்த நம்பியாரும் வீராசாமியும் கிடைப்பார்கள். மதுரையில் பாலசுப்பிரமணியத்தோடு கக்கன். 1957 சிதம்பரத்தில் கனகசபைப் பிள்ளையும் இளையபெருமாளும். அதே வருடம் நாமக்கல்லில் ஜெயித்த ஈ.வெ.கி. சம்பத்தைத் தி.மு.க. என்று தேடாதீர்கள். கட்சிக்கு அப்போது அங்கீகாரம் இல்லை, சுயேச்சைக் கணக்கில்தான் இருப்பார்.

எக்செல்லுக்கு மாற்றுகிறவர்கள் ‘தனி / பொது’ என்று ஒரு நெடுவரிசையைக் கையாலேயே சேர்த்துவிடுங்கள். யார் எந்த இடத்துக்கு என்பதை மக்களவை உறுப்பினர் பட்டியலோடு ஒத்துப் பார்த்து நிரப்பிய பிறகுதான் கழித்தல் கணக்கெல்லாம்.

தகவலுக்கு ஐந்துக்கு நாலரை, வசதிக்கு இரண்டு. இரட்டைத் தொகுதிக்கான விதியை முன்பக்கத்தில் நாலு வரி போட்டிருந்தாலே மூன்று கொடுத்திருக்கலாம். இடைத்தேர்தல்களை இதில் தேட வேண்டாம். 1954 பண்டாராவில் மேத்தாவும் அம்பேத்கரும் மறுபடி ஜோடியாக நின்றார்கள். மேத்தா ஜெயித்தார், அம்பேத்கர் தனி இடத்தை போர்க்கரிடம் இழந்தார். அதில் ஒரு வரிகூட இந்த அறிக்கையில் கிடையாது.