வீட்டைக் குழந்தைக்குப் பாதுகாப்பாக்கித் தருகிறோம் என்று வந்தவர்கள் எங்களுக்குச் செய்துவிட்டுப் போனது

எங்கள் பெண்ணுக்கு 14 மாதம். நடக்கத் தொடங்கிய வாரமே பயந்துபோய், வீட்டைக் குழந்தைக்குப் பாதுகாப்பாக்கித் தரும் ஒரு நிறுவனத்தைக் கூப்பிட்டோம். பெயர் வேண்டாம். என்ன செய்தார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் விற்பனையாளர் வந்தார். அறை அறையாக நடந்து, 47 இடங்களில் ஆபத்து என்று குறித்துக்கொண்டார். பயமுறுத்துவதில் கெட்டிக்காரர், கேட்கக் கேட்க எனக்கு வயிற்றைக் கலக்கியது. முழுப் பணத்தையும் முன்னதாகவே கட்டிவிட்டோம். (ஆமாம், தெரியும். திட்டாதீர்கள்.) மறுவாரம் இரண்டு பையன்கள் வந்து மூன்று மணி நேரத்தில் எல்லாவற்றையும் ஒட்டிவிட்டுப் போனார்கள். ஒட்டிவிட்டுத்தான். டிரில் சத்தம் கேட்டது மொத்தம் ஐந்து நிமிடம் இருக்காது.

ஐந்தாம் நாள் அவள் சத்தமே இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். போய்ப் பார்த்தால் வாய் அசைகிறது. விரலைவிட்டு எடுத்தேன், நக அளவுக்கு ஒரு நுரைத் துண்டு. மேஜை முனையில் இடிக்காமலிருக்க ஒட்டிய அதே நுரை. உரித்துக் கீழே போட்டிருந்த மிச்சத்தில் நான்கு குட்டிப் பற்களின் தடம் அச்சுப் போல விழுந்திருந்தது.

அன்று ராத்திரி நானும் வீட்டுக்காரரும் அவர்கள் மாட்டியதை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தோம்.

படுக்கையறை டிராயர் அலமாரிதான் என்னைத் தூங்கவிடவில்லை. சாயாமலிருக்கச் சுவரோடு பட்டை போட்டுக் கட்டியிருந்தார்கள். ஒற்றைக் கையால் இழுத்ததும் ஸ்க்ரூ கையோடு வந்துவிட்டது, பின்னாலேயே ஒரு சிட்டிகை வெள்ளைத் தூள். ஸ்க்ரூ பிடித்து நிற்கச் சுவர்த் துளையில் செருகும் பிளக்கை அடிக்காமல், சுவர்ப் பூச்சிலேயே சின்ன ஸ்க்ரூவை முடுக்கியிருக்கிறார்கள். பட்டையின் மறுமுனை அலமாரியின் முதுகில் இருக்கும் மெல்லிய அட்டைப் பலகையில். குழந்தைகள் டிராயர்களைத் திறந்து படிக்கட்டு மாதிரி ஏறுவார்கள். திறந்த டிராயர்களின் எடையும் ஏறுகிற பிள்ளையின் எடையும் முன்பக்கம் சேர்ந்தால் அலமாரி அப்படியே கவிழும். அதன் மேல்தான் டிவி வைத்திருந்தோம்.

மாடிப்படியின் உச்சியில் போட்ட கேட் இரண்டு பக்கச் சுவரையும் அழுத்திக்கொண்டு நிற்கிற வகை. படியின் மேல்முனைக்கு இது ஆகாது. தள்ளத் தள்ள நழுவும். அது தவிர, கேட் திறந்திருந்தாலும் கீழே ஒரு கம்பி குறுக்கே இருக்கும். மூன்றாம் நாள் அந்தக் கம்பியில் தடுக்கித் தடுமாறியது வீட்டுக்காரர்தான், நாங்கள் சிரித்தோம். பழைய அட்டைப் பெட்டிகளில் தேடினால் கேட்டின் பெட்டியிலேயே படம் போட்டு அச்சடித்திருக்கிறது: மாடிப்படி உச்சியில் பொருத்தாதீர்கள்.

பிளக் பாயிண்ட் மூடிகளை அவள் இரண்டு நாளிலேயே பிடுங்கப் பழகிவிட்டாள். மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் பொம்மைகளைச் சோதிக்க ஓர் உருளை வைத்திருக்கிறார்கள். விட்டம் 3.17 செ.மீ., அதற்குள் அடங்கும் பொருள் தொண்டையை அடைக்கலாம் என்று கணக்கு. வீட்டில் டாய்லெட் பேப்பர் சுற்றிவரும் அட்டை உருளையில் போட்டுப் பார்த்தாலே போதும், அது இன்னும் கொஞ்சம் அகலம். மூடி கடகடவென்று உள்ளே போனது. இத்தனைக்கும் எங்கள் பாயிண்டுகளில் துளைகளை உள்ளிருந்தே மூடும் தடுப்பு ஏற்கெனவே இருக்கிறது.

47 இடம் கண்டுபிடித்தவர் தொட்டில் பக்கத்தில் தொங்கிய ஜன்னல் திரைக் கயிற்றைப் பார்க்கவில்லை. கழுத்தில் சுற்றினால் சில நிமிடங்களில் முடிந்துவிடும். எடை பார்க்கும் மிஷினில் ஸ்க்ரூ இல்லாத மூடிக்குள் இருந்த பட்டன் பேட்டரியையும் பார்க்கவில்லை. அதை விழுங்கி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே வெந்துபோகும். கயிற்றைச் சுருட்டி மேலே கட்டவும் பேட்டரியை எடுத்து ஒளித்துவைக்கவும் அவரிடம் விற்கப் பொருள் எதுவும் இல்லையே.

போன் செய்தேன். "குழந்தை பிய்க்குதுன்னா நீங்கதான் மேடம் பார்த்துக்கணும்" என்றார்கள். பில்லின் பின்பக்கம் பார்த்தால் அதையே சட்ட பாஷையில் எழுதியிருக்கிறார்கள்: குழந்தையின் செயலால் ஏற்படும் சேதத்துக்கு உத்தரவாதம் கிடையாது. குழந்தைக்காகவே விற்கிற பொருள்!

நீங்கள் யாரையாவது கூப்பிடுவதானால், எது ஸ்க்ரூ, எது பசை என்று ஒவ்வொரு பொருளுக்கும் நேராகக் கேளுங்கள். சுவரைத் தட்டிப் பார்க்காமலே விலை சொல்பவரை அனுப்பிவிடுங்கள். வேலை முடிந்ததும் அவர்கள் கண் முன்னாலேயே எல்லாவற்றையும் பலமாக இழுத்துப் பாருங்கள், மீதிப் பணம் அதற்கப்புறம்.

நாங்கள் கடைசியில் ஒரு தச்சரை வைத்து, நல்ல பிளக் அடித்து, அலமாரியின் சட்டத்தோடு இரும்புக் கோணம் போட்டு இறுக்கினோம். படியின் உச்சிக்கு ஸ்க்ரூ போட்டு மாட்டும் கேட். டிவி கீழே இறங்கிவிட்டது. பழைய கேட்டை எடுத்துக்கொள்ள ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். மூன்று வாரமாகப் படிக்கட்டுக்கு அடியில் சாய்ந்து நிற்கிறது.