மூன்று புகைபோக்கியும் ஒரு மூக்குத் துளையும்: ஹவொக் மாதிரிக் கப்பல்

"நாசகாரி வந்திட்டுது!" என்று மனைவி வாசலில் நின்று உரத்துக் கூப்பிட்டார். பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். இந்த வயதில் யாரை இப்படித் திட்டுகிறார்கள் என்று நினைத்திருப்பார். வந்தது லண்டனில் இருக்கும் மருமகன் அனுப்பிய பொதி. உள்ளே ஹவொக்: பிரிட்டிஷ் கடற்படைக்குக் கட்டி முடித்த முதலாவது டோப்பிடோப் படகு நாசகாரி, அதாவது டோப்பிடோ (தண்ணீருக்குள் ஓடிப்போய் வெடிக்கும் குண்டு) வீசும் படகுகளை அழிக்கிற போர்க்கப்பல். 350இல் ஒரு பங்கு அளவில், நாங்களே ஒட்டிச் செய்ய வேண்டிய மாதிரிக் கப்பல். விலை என்ன என்று தொலைபேசியில் கேட்டேன். "அதை விடுங்கோ மாமா" என்று சொல்லிவிட்டார். ஆகவே காசுக்குப் பெறுமதியா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. உழைப்புக்குப் பெறுமதியா என்று கேட்டால் சொல்லலாம்.

நான் துறைமுகத்தில் இழுவைப் படகு எஞ்சின்களோடு மல்லுக்கட்டி ஓய்வு பெற்றவன். அப்பா இங்கே திருகோணமலை டொக்யாட்டில் பொயிலர் வேலை பார்த்தவர். 1957இல் வெள்ளைக்காரன் தளத்தைக் கையளித்துவிட்டுப் போகும்வரை அவனுடைய கப்பல்களின் வயிற்றுக்குள் புகுந்து வெளியே வந்தவர். உவர்மலையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஏறினால் உட்துறைமுகம் தெரியும். அந்த மாடிக்குப் போகும் படிக்குக் கீழேதான் என் மேசை.

பெட்டிக்குள் என்ன இருந்தது? ஒரே வார்ப்பில் ரெசின் உடல், மெல்லிய பித்தளைத் தகடு ஒன்று, சின்னச் சின்ன உறுப்புகள் ஒரு பையில், எட்டுப் பக்கக் கையேடு. உண்மைக் கப்பல் 185 அடி நீளம், பதினெட்டரை அடி அகலம். மாதிரியில் அது 16 சென்ரிமீற்றர் நீளம், 16 மில்லிமீற்றர் அகலம். கணக்கு அச்சொட்டாக இருக்கிறது, அடிமட்டம் வைத்துப் பார்த்தேன். கப்பல் என்று சொல்லக் கூச்சமாக இருக்கும், மிதக்கும் பென்சில் என்றால் பொருந்தும். முன்பக்கம் ஆமை முதுகு மாதிரி வளைந்து இறங்குகிறது. அலை ஏறினால் வழிந்து போகட்டும் என்று செய்த வேலை. அந்த வளைவை இவர்கள் அழகாகப் பிடித்திருக்கிறார்கள். தகட்டு மூட்டுகள்கூட நகத்தால் தடவினால் தட்டுப்படுகின்றன.

உடல் மட்டும் கொஞ்சம் வளைந்து வந்தது. மேசைக் கண்ணாடியில் வைத்தால் முன்பக்கம் இரண்டு மில்லிமீற்றர் தூக்கி நின்றது. இது ரெசினோடு கூடப் பிறந்த நோய். சுடுதண்ணீரில் ஐந்து நிமிடம் போட்டு எடுத்து, கண்ணாடியில் அழுத்தி, மேலே பழைய படிக்கல் ஒன்றை ஏற்றிவிட்டேன். விடிய எழும்பிப் பார்த்தால் நேராகக் கிடந்தது. இதற்காகப் புள்ளி குறைக்க மாட்டேன்.

குறைக்கப் போவது வேறு ஒன்றுக்கு.

உறுப்புப் பையைக் கொட்டியபோது மூன்று புகைபோக்கிகள் விழுந்தன. உடலின் மூக்கில் ஒரு துளை இருக்கிறது, அது முன்பக்க டோப்பிடோக் குழாயின் வாய். பேத்தி முதலில் கேட்டது அதைப் பற்றித்தான். "அம்மப்பா, கப்பலுக்கு ஏன் மூக்கில ஓட்டை?" சொன்னேன். கப்பல் நேரே எதிரியை நோக்கி ஓடிக்கொண்டே மூக்கால் டோப்பிடோவைத் துப்பும் என்று நினைத்து வைத்தார்கள். ஆனால் கப்பல் முழு வேகத்தில் போகும்போது அதன் வேகமும் டோப்பிடோவின் வேகமும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிட்டன. தான் எறிந்த கல்லில் தானே ஓடிப்போய் முட்டிக்கொள்கிற ஆபத்து. அதோடு மூக்கில் பாரம் ஏறியதால் கப்பல் அலைக்குள் குத்திக்கொண்டு போய்த் தண்ணீரை அள்ளி மேலே கொட்டியது. ஆகவே கழற்றி விட்டார்கள், பிறகு கட்டிய நாசகாரிகளில் அது இல்லை. பேத்தி விழுந்து விழுந்து சிரித்தாள்.

என் பிரச்சினை இதுதான். மூக்கில் குழாய் இருந்த காலத்தில் ஹவொக்குக்கு இரண்டு புகைபோக்கிதான், அதுவும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி நின்றவை. மூன்று புகைபோக்கி வந்தது 1899-1900இல் பொயிலரை மாற்றிய பிறகு. இந்தப் பெட்டியைக் கையேட்டில் சொன்னபடி ஒட்டினால், கடலில் ஒருநாளும் மிதக்காத ஒரு கப்பல் வரும். கலியாணப் படத்தில் மாப்பிள்ளைக்கு அறுபதாம் வயது நரையை ஒட்டியது மாதிரி.

பொயிலர் கதையைச் சொல்லாமல் விட முடியாது, நான் பொயிலர்காரரின் மகன். 1892-93இல் மூன்று கப்பல் கட்டும் கம்பனிகளிடம் ஆறு படகுகளுக்கு ஓடர் கொடுத்தார்கள். யாரோ (Yarrow) என்ற கம்பனிக்கு ஹவொக்கும் ஹோர்னட்டும், தோர்னிகிராஃப்டுக்கு டேரிங்கும் டிகோயும், லெயார்டுக்கு ஃபெரட்டும் லிங்ஸும். பிரெஞ்சுக்காரர் சின்னச் சின்ன டோப்பிடோப் படகுகளைக் கட்டிக் குவித்துக்கொண்டிருந்த நேரம். கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டிய போர்க்கப்பலை ஒரு சின்னப் படகு இரவில் வந்து அடித்துவிட்டுப் போய்விடும் என்ற பயம். அதைத் துரத்திப் பிடிக்க முன்பு கட்டிய டோப்பிடோ பீரங்கிப் படகுகள் வேகம் போதாமல் பின்தங்கின. டோப்பிடோப் படகையே பெரிதாக்கி, பீரங்கி ஏற்றி, அதைவிட வேகமாக ஓடவிடு என்பதுதான் யோசனை.

யாரோ (Yarrow) கம்பனி கெட்டிக்காரத்தனமாக ஒரு காரியம் செய்தது. ஹவொக்குக்கு ரயில் எஞ்சினில் இருக்கிற மாதிரிப் பொயிலர் இரண்டு, அதாவது நெருப்பு குழாய்க்குள்ளே, தண்ணீர் சுற்றிவர. ஹோர்னட்டுக்கு மறுபக்கம்: தண்ணீர் குழாய்க்குள்ளே, நெருப்பு வெளியே. ஹோர்னட்டில் அப்படிச் சின்னப் பொயிலர் எட்டு, புகைபோக்கி நான்கு. ஹவொக் 1893 ஓகஸ்ட் 12இல் நீரில் இறங்கி, சோதனை ஓட்டத்தில் 26 நொட்டைத் தாண்டியது. மணிக்கு ஏறத்தாழ 48 கிலோமீற்றர். கண்டி வீதியில் பஸ்காரர் இதைக் கேட்டால் சிரிப்பார், ஆனால் கரி அள்ளிப் போட்டு, கடலில், 1893இல்! ஹோர்னட் 27ஐத் தாண்டியது. அதோடு இறங்கத் தொடங்கியது ரயில் பொயிலரின் காலம்.

அப்பா ரயில் பொயிலரைப் பற்றி ஒரு வசனம் சொல்வார்: "அது கோவிச்சா குழாய் நுனியால அழும்." விசிறி வைத்துக் காற்றை அழுத்தி நெருப்பை மூட்டும்போது குழாய் நுனிகள் தகட்டில் பொருந்தும் இடம் அளவுக்கு மீறிச் சூடாகும். கதவைத் திறந்து கரி போடும்போது குளிர்ந்த காற்று அதே இடத்தில் அடிக்கும். விரிந்து சுருங்கி, விரிந்து சுருங்கி, கடைசியில் கசியும். அவர் பிறப்பதற்கு முன்பே கைவிட்ட பொயிலர் அது என்றாலும், பட்டறையில் கிழவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறார்.

சரி, என்ன செய்வது? லேசான வழி மூக்குத் துளையை அடைத்துவிட்டு மூன்று புகைபோக்கியோடு 1900க்குப் பிந்திய ஹவொக்கைச் செய்வது. ஓட்டை அடைக்கும் பசை ஒரு சொட்டும் அரைமணி நேரமும் போதும். எனக்கு மனம் வரவில்லை, பேத்திக்கும் ஓட்டை வேண்டும். எழுதி முடிந்த பேனையின் மைக்குழாயை வெட்டி, சுடுதண்ணீரில் கழுவி, அரத்தால் ராவி இரண்டு புகைபோக்கி செய்தேன். மேல் நுனியில் வளையம் போட ஒற்றை இழைச் செப்புக் கம்பியைச் சுற்றி ஒட்டினேன். இடம்தான் தலையிடி. மேற்தளத்தில் மூன்றுக்கும் துளை போட்டு வைத்திருக்கிறார்கள். மூன்றையும் அடைத்து, தேய்த்து, புதிதாகத் துளை போட வேண்டி வந்தது.

இதை எழுதி அனுப்பியபோது செய்தவர்கள் மரியாதையாகப் பதில் போட்டார்கள், அடுத்த வார்ப்பில் பார்க்கிறோம் என்று. ஆகவே அவர்களுடைய பெயரை நான் சொல்லவில்லை.

கையேட்டைப் பற்றியும் ஒரு பாட்டம் திட்ட வேண்டும். ஒட்டும் படங்கள் தெளிவு, குறை இல்லை. பின்பக்கத்து வரலாறு அப்படியில்லை. "இரும்புப் புயலாகப் போர்க்களம் கண்ட கப்பல்" என்ற தொனியில் எழுதி, நோர்வேயின் நார்விக் சண்டையையும் இழுத்து வைத்திருக்கிறார்கள். நார்விக் 1940இல் நடந்தது. அங்கே போனது அதே பெயரில் பிறகு கட்டிய இன்னொரு ஹவொக். பேர் ஒன்று, ஆள் வேறு. அந்த இரண்டாவது ஹவொக் 1942 ஏப்ரல் 6இல் தூனிசியக் கரையில் ஏறி உடைந்தது. மூன்று நாள் கழித்து, ஏப்ரல் 9இல், ஜப்பான் விமானங்கள் எங்கள் திருகோணமலைக்கு மேலே வந்தன. அன்றைக்கே மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலும் வாம்பயர் என்ற நாசகாரியும் தாண்டன. எங்கள் வீட்டில் இதெல்லாம் ஏப்ரல் மாதம் வந்தால் பேசுகிற கதை, அதனால்தான் அந்தத் திகதியைக் கண்டதும் எனக்குச் சுருக்கென்றது.

எங்களுடைய பென்சில் ஹவொக் ஒரு போரையும் பார்க்கவில்லை. பிரிட்டனைச் சுற்றியுள்ள கடலில் ஓடி, பயிற்சிக்குப் போய், பொயிலர் மாற்றி, 1912 மே 14இல் விற்கப்பட்டது. அவ்வளவுதான். அந்தக் காலத்து நாசகாரிகளில் இப்படி முடிந்ததே பாக்கியம். டிகோய் 1904இல் ஆருன் என்ற இன்னொரு நாசகாரியோடு மோதி இங்கிலாந்தின் சிலித் தீவுகளுக்கு அப்பால் தாண்டது. 1901இல் கோப்ரா கடலில் இரண்டாக முறிந்து 67 பேரைக் கொண்டுபோனது. இந்தப் படகுகளின் தகடு எவ்வளவு மெல்லியது என்று இந்த மாதிரியின் பக்கத்தைப் பார்த்தாலே விளங்கும். சண்டை பார்த்தவை என்றால் ஃபேமும் வைற்றிங்கும். 1900இல் சீனாவின் தாகுவில் நான்கு சீன நாசகாரிகளை மடக்கிப் பிடித்தன. கையேடு எழுதியவருக்குச் சண்டைதான் வேண்டுமென்றால் அந்தக் கப்பலைச் செய்திருக்கலாம்.

அதைவிடப் பெரிய கோபம், பிஷரைப் பற்றி அரை வரி. இந்த ஆறு படகுகளையும் பிடரியைப் பிடித்துத் தள்ளிக் கட்டுவித்தவர் அப்போது கப்பல் கட்டும் பகுதிக்குப் பொறுப்பாக இருந்த ஜோன் பிஷர். அவர் பிறந்த இடம் றம்பொடை. ஆம், நுவரெலியா போகிற வழியில் நீர்வீழ்ச்சி பார்க்க இறங்குகிறோமே, அதே றம்பொடை. 1841, தகப்பன் கோப்பித் தோட்டக்காரர். நாசகாரிகளைப் பெற்றெடுத்தவர் எங்கள் மலைநாட்டில் பிறந்தவர் என்று பெருமைப்படலாம் என்று பார்த்தால், 1904இல் கடற்படையின் தலைவரானதும் அவர் செய்த சிக்கனத்தில் அடுத்த வருடமே திருகோணமலை டொக்யாட்டுக்கும் பூட்டு விழுந்தது. பிறகு எண்ணெய்க் குதங்கள் எழும்பி, இரண்டாம் யுத்தம் நெருங்கித்தான் இங்கே மறுபடி உயிர் வந்தது. அப்பாவுக்கு வேலை கிடைத்ததும் அதனால்தான்.

ஒட்டுகிறவர்களுக்குச் சில அனுபவங்கள். நான் தொடங்கியது கார்த்திகை மழையில். சுப்பர் குளூ ஈரக் காற்றில் சட்டென்று பிடிக்கும், ஆனால் சுற்றிவர வெள்ளையாகப் பூசணம் பிடித்த மாதிரிப் படிந்துவிடும். மேற்தளத்தில் அதை இரண்டு தடவை சுரண்டினேன். மழைக்காலத்தில் குண்டூசி நுனியால் தொட்டுவையுங்கள், ஊற்றாதீர்கள். நிறம்: கையேடு சாம்பல் என்கிறது. உள்நாட்டுக் கடலில் நின்ற அக்கால நாசகாரிகள் பெரும்பாலும் கறுப்பு, இரவில் வேட்டைக்குப் போகிறவை. தனிக் கறுப்பு அடித்தால் இவ்வளவு சின்ன உருவத்தில் வளைவு ஒன்றும் தெரியாது. பத்துக்கு ஒன்று வெள்ளை கலந்தேன், ஆமை முதுகு எழும்பி வந்தது. 12 இறாத்தல் குண்டு சுடும் பீரங்கி கட்டளைக் கூண்டின் தலைக்கு மேலே உட்காருகிறது, சுக்கானும் அங்கேதான், ஆகவே அந்த மேடையை முதலில் ஒட்டி உலரவிட்டுப் பிறகு பித்தளைக் கம்பிவேலியைச் சுற்றுங்கள். நான் மாறிச் செய்து இரண்டு கம்பத்தை வளைத்தேன்.

கடைசி வேலை ஆனியில் நடந்தது. மேசைக்குப் பக்கத்து யன்னலை மூட மறந்துவிட்டேன். கச்சான் காற்று ஒரு வீச்சு வீசியது, பித்தளை ஏணி போய்விட்டது. நான்கு மில்லிமீற்றர் ஏணி. கதிரையைப் புரட்டி, பாயை உதறி, வெளிச்சம் அடித்துத் தேடினோம், இல்லை. ஏணி இல்லாமலே கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தேன்.

ஐந்தில் மூன்றரைப் புள்ளி கொடுக்கிறேன். உடலுக்கு முழுப் புள்ளி, புகைபோக்கிக்கு ஒன்று வெட்டு, நார்விக்குக்கு அரை வெட்டு. முதல் முறை செய்கிறவர்கள் இதைத் தொடாதீர்கள், மூன்று நான்கு செய்து கை பழகியவர்கள் தாராளமாக வாங்கலாம். மிஞ்சிய மூன்று புகைபோக்கியையும் பேத்தி தன் பென்சில்களுக்குத் தொப்பியாக மாட்டிக்கொண்டாள்.

போன கிழமை மனைவி படிக்குக் கீழே கூட்டிக்கொண்டிருந்தவர், விளக்குமாற்றை அப்படியே பிடித்துக்கொண்டு வந்து நின்றார். ஈர்க்கு நுனியில் ஏதோ மினுங்கியது. "இஞ்சேருங்கோ, இது உங்கட நாசகாரியின்ர ஏணியோ?"

அதுதான்.