வேளச்சேரியில் ஒரு பஞ்சர் கடை: ஆணி குத்திய டயருக்கு முறையான வேலை

கடந்த மாதம் பள்ளிக்கரணையிலிருந்து திரும்பும் வழியில் என் காரின் பின்பக்க டயரில் ஆணி ஏறியது. டியூப்லெஸ் டயரில் ஆணியே துளையை ஓரளவு அடைத்துக்கொள்ளும் என்பதால் அதைப் பிடுங்காமல், மெதுவாக ஓட்டி, வேளச்சேரி விஜயநகர் பேருந்து நிலையத்துக்கு அருகிலுள்ள சிறிய பஞ்சர் கடைக்குச் சென்றேன்.

அங்கிருந்த பெரியவரின் வேலையைப் பாராட்டாமல் இருக்க முடியாது. டயர் முழுவதும் சோப்பு நீரை ஊற்றி, வேறெங்கும் குமிழி வருகிறதா என்று பார்த்து, வால்வையும் சோதித்த பிறகே குறடால் ஆணியைப் பிடுங்கினார். "நடுவுலதான் குத்தியிருக்கு சார். சைடுல இருந்தா ஒட்டக் கூடாது, டயரையே மாத்தணும்" என்றார். வெளியிலிருந்தே ஸ்ட்ரிப்பை (ஒட்டும் ரப்பர் துண்டு) துளைக்குள் திணித்து ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிடும் கடைகளே அதிகம். சென்ற ஆண்டு வேறொரு கடையில் அப்படிப் போட்டது இரண்டே வாரங்களில் கசியத் தொடங்கியது. இவரோ டயரை ரிம்மிலிருந்து கழற்றி, உட்புறத்தைக் கையால் தடவிப் பார்த்து, துளையைச் சுற்றித் தேய்த்துச் சுத்தம் செய்து, காளான் வடிவப் பேட்ச்சின் காம்பை உள்ளிருந்து வெளியே இழுத்து ஒட்டினார். துளையும் உட்படலமும் ஒருசேர அடைபடுவதால் இம்முறையே நிலைத்து நிற்கிறது.

முக்கால் மணி நேரம் ஆனது. 350 ரூபாய் வாங்கினார். ஸ்ட்ரிப்பைவிடக் கூடுதல்தான், ஆனால் வேலைக்குத் தகுந்த கூலி. சக்கரத்தின் எடையைச் சமன்செய்யும் வீல் பேலன்சிங் இயந்திரம் இல்லாதது மட்டுமே குறை. அதற்காக வேறிடம் போக வேண்டியிருந்தது. அன்று நிரப்பிய 33 பிஎஸ்ஐ காற்று ஐந்து வாரங்களாகியும் அப்படியே இருக்கிறது.