அமெரிக்க விமானப்படை ரிசர்வ்: சேரும் முன் ஒரு மதிப்பீடு

அமெரிக்க விமானப்படையின் பகுதிநேரப் பிரிவுதான் ரிசர்வ். மாதம் ஒரு வார இறுதி, வருடத்துக்கு இரண்டு வாரம். ஆள் சேர்ப்பவர் சொல்லும் இந்தக் கணக்கு பொய்யில்லை. ஆனால் எந்த வகை யூனிட் என்பதைப் பொறுத்து அதே சீருடை, அதே சம்பளத்தில் அனுபவம் தலைகீழாக மாறும். அதை அவர் தானாகச் சொல்லமாட்டார்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இன்னொரு பகுதிநேரப் படையான ஏர் நேஷனல் கார்டு சாதாரண நாட்களில் மாநில ஆளுநரின் கீழ் வரும். ரிசர்வ் எப்போதும் மத்திய அரசின் படை. வெள்ளத்துக்கும் புயலுக்கும் உங்கள் ஆளுநர் அழைப்பது நேஷனல் கார்டைத்தான். கிரீன் கார்டு உள்ள நம்மவர்கள் ரிசர்வில் சாதாரண வீரராகச் சேரலாம். அதிகாரி பதவிக்குக் குடியுரிமை வேண்டும்.

கட்டளை வரிசை, சிறியதிலிருந்து பெரியதாக, நேரானது: ஸ்குவாட்ரன், குரூப், விங். அதற்கு மேலே எண்ணால் அழைக்கப்படும் மூன்று படைகள்: கலிஃபோர்னியாவின் மார்ச் தளத்தில் 4ஆவது படை, டெக்சஸின் ஃபோர்ட் வொர்த்தில் 10ஆவது, ஜார்ஜியாவின் டாபின்ஸ் தளத்தில் 22ஆவது. எல்லாவற்றுக்கும் மேல் ஜார்ஜியாவின் ராபின்ஸ் தளத்தில் தலைமையகம். சட்டப்படி அணிதிரட்டல் உத்தரவு வந்தால் கட்டுப்பாடு முழுநேரப் படையின் கைக்குப் போய்விடும்.

சொந்த விமானம் வைத்திருக்கும் விங்தான் முதல் தேர்வு. மிசிசிப்பியின் கீஸ்லரில் புயலுக்குள் பறக்கும் 403ஆவது விங் அப்படிப்பட்டது. விமானமும் பராமரிப்பும் ஒரே கமாண்டரிடம் இருப்பதால், யாரிடம் கேட்பது என்ற சந்தேகமே எழாது. வார நாட்களில் இந்த யூனிட்டுகளை ஓட்டுவது பெரும்பாலும் டெக்னீஷியன்கள். திங்கட்கிழமை மத்திய அரசின் சிவில் ஊழியராக இருப்பவர், வார இறுதியில் அதே ஹேங்கரில் ராணுவ ரேங்கோடு நிற்பார். யூனிட்டின் நினைவாற்றல் இவர்களிடம்தான். நல்லவர் அமைந்தால் உங்கள் காகிதம் நகரும், அமையாவிட்டால் மாதக்கணக்கில் தூங்கும்.

அசோசியேட் யூனிட் வேறு ரகம். தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் சி-17 சரக்கு விமானங்கள் முழுநேர 437ஆவது விங்குடையவை. ரிசர்வின் 315ஆவது விங் அவற்றையே ஓட்டுகிறது. பறக்க வாய்ப்பு தாராளம். சிக்கல் அதிகாரத்தில்: அன்றாட வேலையை முழுநேரக்காரர் சொல்லலாம், ஆனால் மதிப்பீடு, பதவி உயர்வு, ஒழுங்கு நடவடிக்கை எல்லாம் ரிசர்வ் கமாண்டர் கையில். மாமியார் வீட்டில் குடித்தனம் மாதிரிதான்.

மூன்றாவது ஐ.எம்.ஏ. (இண்டிவிஜுவல் மொபிலைசேஷன் ஆக்மென்டி). தனி ஆளாக ஒரு முழுநேர யூனிட்டில் ஒட்டிக்கொள்வது. இதன் பி பிரிவில் வருடத்துக்கு 24 பயிற்சி நேரம் (ஒன்று குறைந்தது நாலு மணி நேரம்), 12 நாள் பணி; ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. உறுப்பினராக இருப்பதற்கே கிடைக்கும் 15 புள்ளியைச் சேர்த்தால் 51. ஓய்வூதியத்துக்கு ஒரு வருடம் கணக்கில் சேர 50 வேண்டும்! இரண்டு பயிற்சி நேரம் தவறினால் அந்த வருடமே போச்சு. இப்படி 20 நல்ல வருடம் முடித்தால் பொதுவாக 60 வயதில் ஓய்வூதியம். அட்டவணையை நீங்களே போட்டு, நீங்களே துரத்த வேண்டும். கேட்டு வாங்கும் சுபாவம் இல்லாதவர்களுக்கு இது சரிப்படாது.

சம்பளம் நியாயமானது. ஒரு வார இறுதி என்பது நான்கு பயிற்சி நேரம். ஒவ்வொன்றுக்கும் மாத அடிப்படைச் சம்பளத்தில் 30-ல் ஒரு பங்கு. அதாவது இரண்டு நாள் வேலைக்கு நாலு நாள் சம்பளம். வீட்டுப்படி மட்டும் இதில் வராது. அனுமதியின்றி வராமல் இருப்பதும் நாளாக அல்ல, பயிற்சி நேரமாகவே எண்ணப்படும். 12 மாதத்தில் ஒன்பது சேர்ந்தால் நடவடிக்கை. இரண்டு வார இறுதியைக் கோட்டைவிட்டாலே எட்டு ஆகிவிடும்.

இதில் மோசமானது, பணிக்கு வரச் சொல்லும் உத்தரவுக் காகிதம்தான். கூடுதல் நாட்களுக்கான பணம் சிலசமயம் ரிசர்வ் ஒதுக்கீட்டிலிருந்து வரும், சிலசமயம் முழுநேரப் படையின் ஒதுக்கீட்டிலிருந்து வரும். செப்டம்பர் 30-ல் நிதியாண்டு முடியும். அக்டோபரில் பட்ஜெட் இழுத்தால் வேலை தயாராக இருக்கும், உத்தரவு இருக்காது. உத்தரவு கைக்கு வராமல் விமான டிக்கெட் போடாதீர்கள்.

உங்கள் கம்பெனி வேலைக்கு 1994-ன் யூசெர்ரா சட்டம் காவல். முன்கூட்டியே தகவல் சொல்லியிருக்க வேண்டும். பணி 31 நாளுக்குக் குறைவு என்றால், வீடு வந்து எட்டு மணி நேர ஓய்வுக்குப் பிறகு வரும் அடுத்த ஷிப்டிலேயே ஆஜராக வேண்டும்.

என் மதிப்பெண்: சொந்த விமான விங் 10-க்கு 8, அசோசியேட் 7, ஐ.எம்.ஏ. 5. கையெழுத்திடும் முன் அந்த ஸ்குவாட்ரனுக்கே போன் போட்டு, மதிப்பீட்டில் கையெழுத்திடுபவர் யார், சென்ற செப்டம்பரில் எத்தனை உத்தரவு ரத்தானது என்று கேளுங்கள்.