நெடுந்தீவு ஓட்டோச் சவாரி: குதிரைக்கு நேரம் கேட்டு வாங்குங்கோ

யாழ்ப்பாணத்தில இருந்து 776 பஸ்ஸில குறிகட்டுவான் இறங்குதுறை, அங்கயிருந்து வள்ளத்தில ஒரு மணித்தியாலம் மட்டில. நெடுந்தீவு இறங்குதுறையில கால் வைக்க முந்தியே ஓட்டோக்காரர் வந்து சுத்தி நிப்பினம். எல்லாரிட்டையும் ஒரே பட்டியல்தான்: ஒல்லாந்தர் கோட்டை, புறாக்கூடு, பெருக்கமரம் (பாவோபாப்), வளருதெண்டு சொல்லுற கல்லு, வெளியில தானாத் திரியிற காட்டுக்குதிரை. அரை நாளுக்கு 4,000 ரூபா எண்டு பேசி, வயசான ஒரு அண்ணையின்ர ஓட்டோவில ஏறினன்.

"குதிரைக்குப் பத்து நிமிசம் காணும் பிள்ளை" எண்டுதான் தொடங்கினவர். "புறாக்கூட்டை விடுங்கோ அண்ணை, அந்த நேரத்தையும் குதிரையடியிலயே தாங்கோ" எண்டன். எங்கட வீட்டிலயும் மாடு, ஆடு நிக்குதெண்டு சொன்னதோட ஆளே மாறிப்போனார். அவற்ர மாடுகளும் அந்த வெளியிலதான் மேயுதாம்.

தெற்குப் பக்கத்து வெளியும் பற்றையும் 2015இல தேசியப் பூங்காவாக்கின 1,846 ஹெக்டயருக்குள்ள வருது. சட்டம் என்ன சொன்னாலும் அங்க போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரையின்ர வழியில வந்ததுகளும் ஊராக்களின்ர மாடு ஆடுகளும் ஒண்டாத்தான் நிக்குதுகள். மாட்டின்ர துடையில குறி சுட்டிருக்கு. குதிரையில ஒரு அடையாளமும் இல்லை.

அண்ணை தூரத்திலயே எஞ்சினை நிப்பாட்டிப்போட்டு நடந்து கூட்டிக்கொண்டு போனார். முதல்ல காட்டினது லத்திக் குவியல். ஆண்குதிரையள் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில போட்டு உயர்த்தி வைச்சிருக்குதுகள். அதைச் சுத்தின புல்லைக் குதிரை தொடாது, அதால அதில மட்டும் புல்லு நீண்டு நிக்குது. ஒரு செங்காரிப் பசு வந்து அந்தப் புல்லை நாக்கால வளைச்சு இழுத்துத் திண்டது. மாட்டுக்கு மேல்முன்பல் இல்லை, அதுக்கு நீட்டுப் புல்லு வேணும். குதிரைக்கு மேலயும் கீழயும் பல்லு; அது மேய்ஞ்ச பக்கம் சவரம் செய்த மாதிரிக் கிடக்குது. ஆடுகள் புல்லுப் பக்கமே வரேல்லை, பற்றை ஓரத்தில பின்னங்காலில நிண்டு குழை எட்டித் திண்டுகொண்டு நிண்டதுகள்.

சண்டையெல்லாம் தண்ணிக்குத்தான். தொட்டியடியில ஒரு ஆண்குதிரை காதைப் பின்னுக்கு மடிச்சுக்கொண்டு வர, மாடெல்லாம் விலகிட்டுது. ஆனா பாவம் குதிரைதான். ஆடி, ஆவணியில குண்டு குழியெல்லாம் காய்ஞ்சுபோனால் மாட்டுக்காரன் தன்ர மாட்டுக்கு எங்கயாவது தண்ணி அள்ளி வார்ப்பான். குதிரைக்கு ஆரும் தொட்டியை நிரப்பினால்தான் உண்டு. வரட்சியில செத்து விழுந்த வருசங்களும் இருக்கு. மாரியில வெளியெங்கும் தண்ணி நிக்கும், எல்லாம் சிதறிப் போயிடும், கிட்டப் பார்க்கேலாது எண்டார் அண்ணை.

நாங்கள் நிக்கேக்கையே வேறயொரு ஓட்டோ ஹோர்ன் அடிச்சுக்கொண்டு கூட்டத்துக்கை நேரா வந்தது, படம் எடுக்கவாம். குட்டியோட நிண்ட பெட்டைக் குதிரை அந்த வெயிலுக்கை பற்றை மட்டும் ஓடினது. தண்ணிக்கு வந்த மிருகத்தைத் துரத்திப் படம் எடுக்கிற சவாரிக்கு நான் ஒரு சதமும் குடுக்கன். ஏற முந்தியே கேளுங்கோ: எஞ்சினை நிப்பாட்டி நடத்திக் கூட்டிக்கொண்டு போவீங்களோ எண்டு. தலையைச் சொறிஞ்சால் அடுத்த ஓட்டோவைப் பாருங்கோ.

என்ர அண்ணையிலயும் குறை இருக்கு. பின் சீற் கிழிஞ்சு கம்பி குத்துது, கல்லு றோட்டில நாரி முறிஞ்சுபோகும். பெருக்கமரத்தின்ர வயசை ஆளுக்கு ஆள் கூட்டிச் சொல்லுறாராக்கும். கடைசியில கூட நிண்ட நேரத்துக்கு 500 ரூபா மேலதிகமாக் கேட்டார், குடுத்தன், நியாயமான காசு. வெளியில நிழலும் இல்லை, கக்கூசும் இல்லை. தொப்பியும் தண்ணிப் போத்தலும் கொண்டுபோங்கோ. திரும்புற வள்ளத்தின்ர நேரத்தை இறங்கேக்கையே கேட்டு வையுங்கோ.