பாப்புலஸ்: அடியார்களின் காலடி நிலமே முதல் செலவு

கற்பனை உலகத் தெய்வம் ஒன்றிடம் உள்ள மந்திர ஆற்றலுக்கு எல்லை உண்டு என்று வைத்துக்கொண்டால், அதை அடியார்களின் வாழ்வுக்குச் செலவிடுவதா, எதிரியை ஒடுக்கச் செலவிடுவதா, இரண்டையும் எந்த வரிசையில் செய்வது என்பவை கதை கேட்பவரின் ஆர்வத்தோடு முடிந்துவிடாமல், கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டிய கேள்விகளாகிவிடுகின்றன. அந்தக் கணக்கை ஆடுபவரிடமே ஒப்படைத்த முன்னோடி விளையாட்டு 'பாப்புலஸ்'. இங்கிலாந்தைச் சேர்ந்த புல்ஃப்ராக் நிறுவனத்தில் பீட்டர் மாலினியூ வடிவமைத்து, எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வெளியீடாக 1989-இல் அமீகா கணினிக்கு வந்த இதன் வரைகலை இன்றைய கண்ணுக்கு எளிமையாகத் தெரியலாம். ஆனால், தெய்வத்தின் ஆற்றல் எங்கிருந்து வருகிறது, எதில் போட்டால் பெருகுகிறது, எதில் போட்டால் கரைகிறது என்பதை இவ்வளவு தெளிவாக உணர்த்தும் வேறு விளையாட்டை நான் ஆடியதில்லை.

அடிப்படை விதி ஒன்றுதான். அடியார்களின் எண்ணிக்கை கூடக் கூட, மானா எனப்படும் ஆற்றல் வேகமாகச் சேர்கிறது. எண்ணிக்கை கூட வீடுகள் வேண்டும். வீடு கட்டச் சமதளமான நிலம் வேண்டும். நிலத்தை உயர்த்துவதும் தாழ்த்துவதும்தான் தெய்வத்தின் மிக மலிவான செயல்கள், எனினும் ஒவ்வொரு முறையும் சிறிதளவு மானா அதற்கும் செலவாகிறது. சமதளம் சிறிதாக இருந்தால் குடிசை எழும். பரந்து கிடந்தால் அதே இடம் படிப்படியாகக் கோட்டையாக வளரும். வீடு நிரம்பியதும் அதிலிருந்து ஓர் ஆள் வெளியேறி, தனக்கென்று இடம் தேடி நடக்கத் தொடங்குகிறான். நடக்க நடக்க அவன் வலுவிழக்கிறான். குடியேறச் சமதளம் கிடைக்காவிட்டால் வழியிலேயே மடிந்துவிடுகிறான். ஆகவே தெய்வத்தின் முதல் கடமை, ஓர் அடியார் வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே அவர் போகும் திசையில் நிலத்தைச் செப்பனிட்டு வைப்பது.

இந்த இடத்தில் விளையாட்டின் நுட்பம் அழகாக வெளிப்படுகிறது. கோட்டையில் நிறையப் பேர் தங்குவார்கள், நல்ல ஆயுதங்களோடு வலிமையாகவும் இருப்பார்கள்; ஆனால் அது நிரம்ப நெடுநேரம் ஆகும், அதுவரை யாரும் வெளியே வரமாட்டார்கள். குடிசையோ சீக்கிரம் நிரம்பி, அடுத்தடுத்து ஆட்களை அனுப்பிக்கொண்டே இருக்கும், அவர்கள் வலுவற்றவர்களாக இருந்தாலும். ஆகையால் தொடக்கத்தில் சிறு மனைகளாகவே நிலத்தைத் திருத்தி மக்களைப் பரவச் செய்துவிட்டு, பரவிய பின்பு அந்த மனைகளை விரித்துக் கோட்டைகளாக உயர்த்துவதே பலன் தருகிறது. இன்னொரு உத்தியும் உண்டு: வளர்ந்துவிட்ட கோட்டையின் ஓரத்தில் ஒரே ஒரு முனையைத் தாழ்த்தினால், அந்தக் கட்டடம் சிறுத்து, இடமில்லாமல் போன கூட்டம் வலிமை குன்றாத ஆளாக வெளியே வருகிறது. தாழ்த்திய முனையை உடனே மீண்டும் உயர்த்திவிட்டால் கட்டடம் பழையபடி வளரத் தொடங்கும். இரண்டு சொடுக்குகளின் விலையில் வலுவான ஒரு குடியேறி கிடைக்கிறான். ஆற்றலை அடியார்களுக்காகச் செலவிடுவதில் இதைவிடச் சிக்கனமான வழி இந்த விளையாட்டில் இல்லை என்றே கருதுகிறேன்.

மானா சேரச் சேர மற்ற அற்புதங்கள் ஒவ்வொன்றாகத் திறக்கின்றன: நிலநடுக்கம், புதைசேறு, போர்வீரன், எரிமலை, வெள்ளம், இறுதியில் எல்லாவற்றையும் முடித்துவைக்கும் ஆர்மகெடான். புதிதாக ஆடுபவர்கள் பெரும்பாலும் இடறுவது இந்தப் படிகளில்தான். நிலநடுக்கத்துக்குப் போதுமான மானா சேர்ந்த கணமே எதிரியின் ஊரின்மேல் அதை ஏவிவிட்டு, கையிருப்பு காலியான பின் தன் மக்களுக்கு நிலம் திருத்தக்கூட வழியில்லாமல் நிற்பது, விதைநெல்லை விருந்துக்குச் சமைத்துவிட்டு மழைக்குக் காத்திருப்பதைப் போன்றது. எதிரித் தெய்வமும் அதே நேரத்தில் தன் நிலத்தைத் திருத்திக்கொண்டிருக்கிறது என்பதால், இழந்த அந்தச் சில நிமிடங்களை மீட்பது எளிதல்ல.

போர்வீரன் அற்புதம் தனியே பேசத்தக்கது. அடியார்களின் தலைவனாக இருப்பவன் வீரனாக மாறி, அதன்பின் நம் கட்டளைக்குக் காத்திராமல் எதிரிகளைத் தேடிப் போய்க் கொன்று, அவர்கள் வீடுகளை எரிக்கிறான். வலுவற்ற தலைவனை அவசரப்பட்டு வீரனாக்கினால் முதல் சண்டையிலேயே மாண்டுபோகிறான். செலவிட்ட மானாவும் போகிறது, தலைவனும் போகிறான். அதற்கு மாறாக, மக்களை ஒன்றுகூடச் சொல்லும் கட்டளையைக் கொடுத்து, பலரின் வலிமை தலைவன் ஒருவனிடம் சேர்ந்த பிறகு இதைப் பயன்படுத்தினால், ஒரே வீரன் ஒரு பிரதேசத்தையே வெறுமையாக்குவதைக் காணலாம். அற்புதத்தின் பலனை நிர்ணயிப்பது அதற்கு முன் அடியார்கள் அடைந்திருக்கும் வளம்தான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

வெள்ளமும் அப்படித்தான். அது எதிரியை மட்டும் தேடிப் போவதில்லை. உலகம் முழுவதையும் ஒரு படி நீருக்குள் அமிழ்த்துகிறது. தன் மக்களை முன்கூட்டியே ஒரு படி உயரத்தில் குடியமர்த்திய தெய்வத்துக்கு மட்டுமே அது பயன்படும். அதாவது வெள்ளத்தின் உண்மையான விலை, மானா அளவுகோலில் காட்டப்படுவதைவிட மிக அதிகம்; மேடாக்கிய ஒவ்வொரு மனையும் அந்த விலையில் ஒரு பங்கு. புதைசேறோ மலிவானது, ஆனால் தன் அடியார்களும் அதில் விழக்கூடும் என்பதால் எல்லையோரத்தில் பார்த்து வைக்க வேண்டியது.

இந்த விஷயத்தில் வேறு இரண்டு விளையாட்டுகளையும் குறிப்பிட வேண்டும். அதே மாலினியூ பின்னர் லயன்ஹெட் நிறுவனத்தில் உருவாக்க, 2001-இல் வெளிவந்த 'பிளாக் அண்ட் ஒயிட்'டில், ஆற்றல் வழிபாட்டிலிருந்து வருகிறது. ஊராரில் எத்தனை பேரை வழிபாட்டுக்கு அனுப்புவது என்று நாமே நிர்ணயிக்கலாம், ஆனால் வழிபடுபவர்கள் வயலில் உழைக்க முடியாது, பசியும் களைப்பும் அவர்களை வாட்டும். அங்கே தெய்வம் உணவு அற்புதத்தைச் செய்வதே சில வேளைகளில் தன் வழிபாட்டால் உண்டான பசியைத் தீர்க்கத்தான். சிந்திக்க வைக்கும் அமைப்பு அது. ஆனால் அதில் தெய்வம் வளர்த்துப் பழக்கும் ஒரு விலங்கின் பராமரிப்பிலேயே கவனம் பெரிதும் போய்விடுவதால், அந்தக் கணக்கின் கூர்மை மழுங்கிவிடுகிறது. 1990-இல் வெளிவந்த 'ஆக்ட்ரெய்சர்' வேறொரு கோணத்தைக் காட்டுகிறது: புதிய கட்டுமானத் திறன் பெற்ற மக்களின் பழைய வீடுகளைத் தெய்வமே நிலநடுக்கத்தால் இடித்துவிட்டால், அவர்கள் மேம்பட்ட வீடுகளைக் கட்டிக்கொண்டு எண்ணிக்கையில் பெருகுகிறார்கள். அடியார்களின் நலனுக்காகவே அடியார்களின் வீட்டை இடிக்கும் இந்த ஏற்பாடு எனக்கு இன்றும் உறுத்தலாகவே இருக்கிறது.

பாப்புலஸில் குறைகள் இல்லாமல் இல்லை. நிலத்தை அருகில் காட்டும் சாளரம் மிகச் சிறியது. உலகின் ஒரு மூலையில் கவனம் செலுத்தும்போது மறு மூலையில் நடப்பது தெரியாது. மானா எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதை எண்ணாகக் காட்டாமல், நகரும் குறியால் மட்டுமே உணர்த்துவதால், ஆற்றலைத் திட்டமிட விரும்புபவர்களுக்கு அது எரிச்சல் தரும். ஓய்வில்லாத சொடுக்குதல் கையை வலிக்கச் செய்கிறது. உலகங்கள் 500 என்று பெருமையாகச் சொல்லப்பட்டாலும் பல ஒன்றுபோலவே இருக்கின்றன. நன்றாக வென்றால் சிலவற்றைத் தாண்டிச் செல்ல முடிவது நல்ல ஏற்பாடு. நிலத்தைத் தாழ்த்தவே முடியாது, நீரில் விழுந்தால் உடனே மரணம் என்பது போல விதிகள் மாறும் உலகங்கள்தான் சலிப்பைப் போக்குகின்றன. குறிப்பாக, உயர்த்த மட்டுமே முடியும் உலகங்களில் ஒவ்வொரு சொடுக்கையும் யோசித்துச் செய்ய வேண்டியிருப்பதால், செலவுக் கணக்கு உச்சத்துக்குப் போகிறது.

நிதானமாகத் திட்டமிடுவதில் மகிழ்பவர்கள் இதைத் தயங்காமல் வாங்கலாம்; அதிரடியை மட்டும் நாடுபவர்களுக்கு இது ஏற்காது. வாங்கியவர்கள் முதல் சில உலகங்களில் நிலத்தைத் திருத்துவதைத் தவிர வேறு எந்த அற்புதத்தையும் தொடாமல், எவ்வளவு தூரம் போக முடிகிறது என்று ஆடிப் பார்ப்பது நல்லது.