நெறி கட்டிய நாய்க்கு முதலில் எந்தச் சோதனை? ஸ்மியர், கிட், பி.சி.ஆர்., ஊசி

தமிழக-கேரள எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் தோப்பு வைத்திருப்பவர்கள் வீட்டில் நாய் இல்லாமல் இருக்காது. கட்டுத்தரையில் கலப்பின மாடு, களத்தில் நாய், சுவர் இடுக்கெல்லாம் உண்ணி. நாய் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை, உடம்பு சுடுகிறது, தாடைக்குக் கீழே நெறி கட்டியிருக்கிறது என்றால் டிக் ஃபீவர், அதாவது உண்ணிக் காய்ச்சல் என்று வீட்டிலேயே முடிவு செய்துவிடுகிறோம். பல நேரம் அது சரியாகவும் இருக்கிறது. சரியாக இல்லாத நாய்களில் ஒரு பகுதிக்கு இருப்பது லிம்போமா, அதாவது நிணநீர்ப் புற்றுநோய். அந்த நாய்கள்தான் தவறான மருந்தில் நாட்களை இழக்கின்றன.

இரண்டும் ஒன்றுபோலத் தெரிய காரணம் இருக்கிறது. உண்ணிக் காய்ச்சல் தரும் கிருமிகளில் ஒன்றான எர்லிக்கியா வெள்ளை அணுக்களுக்குள் குடியேறுவது. நெறி கட்டும், மண்ணீரல் வீங்கும், ரத்தம் குறையும், பிளேட்லெட் விழும், நாய் மெலியும். லிம்போமாவிலும் இவை எல்லாமே வரலாம். நாள்பட்ட எர்லிக்கியாவில் ரத்தப் புரதம் ஏறி, மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோயைப் போலவே அறிக்கை வரும். நல்ல காய்ச்சல், மூக்கில் ரத்தம், ஈறில் சிவப்புப் புள்ளி என்றால் உண்ணிக் காய்ச்சல் பக்கம் சாயலாம். தாடை, தோள், முழங்காலுக்குப் பின்புறம் என எல்லா இடத்திலும் ரப்பர் உருண்டைபோல வலியில்லாத வீக்கம், நாயோ ஓரளவு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது என்றால் லிம்போமாவைச் சந்தேகிக்க வேண்டும். கையால் தடவி முடிவு கட்ட முடியாது. ஒரே நாய்க்கு இரண்டும் சேர்ந்தும் வரும்.

ஆக, எந்தச் சோதனைக்கு முதலில் பணம் கொடுப்பது?

ஸ்மியர். ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் இழுத்துப் பார்ப்பது. எல்லாவற்றிலும் மலிவு இதுதான், பழையதும் இதுதான். 1910-இல் மெட்ராஸ் ஹண்ட் என்ற வேட்டைக் குழுவின் நாய்களிலும், பிறகு நரியிலும், உண்ணி பரப்பும் பபீசியா கிப்சோனி என்ற ரத்த ஒட்டுண்ணியை பேட்டன் என்ற ஆய்வாளர் கண்டு எழுதியது இப்படி ரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்துத்தான். நம் மண்ணில் முதலில் பதிவான கிருமி, இன்றும் நம் நாய்களை விடவில்லை.

நல்ல ஸ்மியர் எடுப்பதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். காது மடலின் ஓரத்தில் சின்னதாகக் குத்தி, முதல் துளியைக் கண்ணாடித் தகட்டின் ஒரு முனையில் வாங்கி, இன்னொரு தகட்டைச் சாய்த்து வைத்து ஒரே இழுப்பில் இழுக்க வேண்டும். முடிகிற இடம் மெல்லியதாக, இறகு நுனிபோல இருக்க வேண்டும். காதோர நுண்குழாய் ரத்தத்தில் பபீசியா கூடுதலாக அகப்படும் என்பதால்தான் காது. சாயம் ஏற்றிப் பார்த்தால் சிவப்பணுவுக்குள் பெரிய பேரிக்காய் வடிவ இரட்டைகள் என்றால் வோகெலி என்ற பபீசியா இனம், பொடி மோதிரங்கள் என்றால் கிப்சோனி. நீள மாத்திரை வடிவில் வெள்ளை அணுவுக்குள் கிடந்தால் ஹெபட்டோசூன் என்ற இன்னொரு ஒட்டுண்ணி. அது உண்ணி கடித்து வருவதில்லை, நாய் உண்ணியைத் தின்பதால் வருவது. பிளேட்லெட் உண்மையிலேயே குறைவா, அல்லது கட்டியாக ஒட்டிக்கொண்டதால் மெஷின் குறைத்து எண்ணிவிட்டதா என்பதும் இதில்தான் தெரியும்.

குறை என்னவென்றால், வெள்ளை அணுவுக்குள் எர்லிக்கியா கொத்தாகச் சேர்ந்து கிடப்பது (மொருலா) மிகச் சில நாய்களில்தான் கண்ணில் படும். ஸ்மியரில் ஒன்றுமில்லை என்றால் நோய் இல்லை என்று பொருள் கொள்ளக் கூடாது. பார்க்கிற கண்ணைப் பொறுத்த சோதனை இது.

கிட். ஒரு துளி ரத்தம், பத்துப் பதினைந்து நிமிடம், ஒரு கோடு. வசதிக்கு இதை அடிக்க ஆளில்லை. ஆனால் எர்லிக்கியாவுக்கான கிட்கள் பெரும்பாலும் பார்ப்பது கிருமியை அல்ல, கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கிய எதிர்ப்புப் பொருளை. தொற்று வந்த முதல் ஒன்றிரண்டு வாரத்தில் அது உருவாகியே இருக்காது; காய்ச்சலில் கிடக்கும் நாய்க்கு நெகட்டிவ் வரும். நோய் தீர்ந்த பிறகும் மாதக்கணக்கில், சில நாய்களில் வருடக்கணக்கில், பாசிட்டிவ் வந்துகொண்டே இருக்கும். தோப்பில் வளர்ந்த நாய் எப்போதோ ஒரு முறை எர்லிக்கியாவைச் சந்தித்திருக்கும். அதற்கு லிம்போமா வந்தாலும் கிட் பாசிட்டிவ்தான் சொல்லும். அந்த ஒரு கோட்டைப் பார்த்து, “இருக்கே, டிக் ஃபீவர்தான்” என்று தேடலை நிறுத்திவிடுவதுதான் இந்தச் சோதனையால் வரும் பெரிய ஆபத்து. பரவலாக விற்கும் கிட்கள் சிலவற்றில் பபீசியா இல்லவே இல்லை என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பி.சி.ஆர். கிருமியின் டி.என்.ஏ.வையே தேடுவது. இதன் பெருமதிப்பு பபீசியாவில்தான். வோகெலிக்கு இமிடோகார்ப் ஊசி வேலை செய்யும். கிப்சோனி அதற்கு மசியாது. அட்டோவாகுவோன், அசித்ரோமைசின் இரண்டையும் சேர்த்துப் பத்து நாள் கொடுக்கும் முறை வேண்டும். எந்த இனம் என்று தெரியாமல் ஊசி மேல் ஊசி போட்டு நாயைத் துன்புறுத்துவதைவிட ஒரு பி.சி.ஆர். செலவு மேல். ஆனால் எர்லிக்கியாவுக்கான மருந்தான டாக்சிசைக்ளின் ஆரம்பித்த பிறகு ரத்தம் எடுத்தால் எர்லிக்கியா ஒளிந்துகொள்ளும். மருந்துக்கு முன்பே ஊதா மூடிக் குழாயில் ரத்தம் எடுத்து ஐஸ் பேக்கோடு அனுப்ப வேண்டும். முடிவு வர நாளாகும். லிம்போமா பற்றி இது ஒரு வார்த்தையும் சொல்லாது.

ஊசி. என் கட்சி இதுதான். நெறி கட்டிய இடத்தில் வீங்கிய நிணநீர்க் கணுவில் மெல்லிய ஊசியை விட்டு எடுத்து, உள்ளே வந்த செல்களைத் தகட்டில் தெளித்துப் பார்ப்பது. மயக்க மருந்து பெரும்பாலும் வேண்டாம். வேலை சில நிமிடம். எர்லிக்கியாவாக இருந்தால் சின்ன லிம்போசைட்டுகளோடு பிளாஸ்மா செல்கள் (இரண்டும் நோய் எதிர்ப்புச் செல்கள்) கலந்து, பலவகையாகத் தெரியும். லிம்போமாவில் பெரும்பாலும் பார்வைப் பரப்பின் பாதிக்கு மேல் பெரிய, முதிராத ஒரே வகைச் செல்கள் நிரம்பியிருக்கும். சின்னச் செல் வகை லிம்போமாவில் இது தடுமாறும்; அப்போது கணுவையே எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

எங்கே குத்துவது என்பதிலும் விஷயம் உண்டு. தாடைக்குக் கீழ் உள்ள கணு பல்நோயாலேயே வீங்கும் இடம், குழப்பும். முழங்காலுக்குப் பின்புறக் கணு வீங்கியிருந்தால் அதில் எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று இடத்தில் எடுத்தால் இன்னும் நல்லது.

பக்கத்துத் தோப்புக்காரர் தன் ராஜபாளையத்துக்கு ஊசி வைக்க விடவே இல்லை. “ஊசி வெச்சா கட்டி உடம்பெல்லாம் பரவிருமாமுங்களே?” என்று கேட்டார். முழுக்கப் பொய்யான பயம் என்று அதைத் தள்ள முடியாது. சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் ஊசி போன வழியில் செல்கள் படிந்தது பதிவாகியிருக்கிறது. லிம்போமா அப்படி இல்லை. அது ஆரம்பத்திலேயே உடம்பு முழுக்க ஓடும் நோய், ஊசியால் புதிதாகப் பரவ ஒன்றுமில்லை. இதைச் சொன்ன பிறகு அவர் சம்மதித்தார். தெரு நாயோடு திரிகிற நாய்களுக்குப் பிறப்புறுப்பில் வரும் பரவும் கட்டியையும் இதே ஊசியோ, கட்டியில் தகட்டை ஒற்றி எடுப்பதோ உடனே காட்டிக்கொடுக்கும். வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தை வாரம் ஒன்று வீதம் கொடுத்தால் சில வாரங்களில் பெரும்பாலும் முழுதாகக் குணமாகும் புற்றுநோய் அது. அதைக் கண்டுபிடிக்காமல் விடுவது கொடுமை.

சோதனையே வேண்டாம், மருந்து கொடுத்துப் பார்ப்போம் என்ற ஐந்தாவது வழியும் உண்டு. டாக்சிசைக்ளினோடு நிற்கும்வரை அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆரம்பக்கட்ட எர்லிக்கியா என்றால் இரண்டு மூன்று நாளில் நாய் எழுந்து உட்காரும். முழுக் கணக்கு 28 நாள், சோற்றோடு, தண்ணீரோடு. ஆனால் கூடவே வீக்கம் வற்ற ஒரு ஸ்டீராய்டு ஊசி போட்டு அனுப்புவது நம் பக்கம் நடக்கிறது. தயவுசெய்து செல்களைப் பார்க்கும் முன் அதை ஒத்துக்கொள்ளாதீர்கள். ஸ்டீராய்டு லிம்போமாவையும் கரைக்கும். நெறி வற்றும், நாய் சாப்பிடும், வீட்டில் எல்லோரும் நிம்மதியாவார்கள், சில வாரத்தில் அத்தனையும் திரும்பும். அதற்குள் புற்றுச் செல்கள் மருந்துக்குப் பழகியிருக்கும். பல மருந்துகளைச் சுழற்சியாகக் கொடுக்கும் கீமோவில் பி-செல் என்ற வகை லிம்போமா வந்த நாய்கள் சராசரியாக ஓராண்டு அளவுக்கு வாழ்கின்றன. முன்பே ஸ்டீராய்டு கண்ட நாய்க்கு அந்த வாய்ப்பு குறைந்துபோகிறது. எர்லிக்கியாவில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே பிளேட்லெட்டை அழிக்கும்போது ஸ்டீராய்டுக்கு இடம் உண்டுதான். கணுவில் ஊசி வைத்துச் செல்களை எடுத்த பிறகு கொடுக்கட்டும்.

மாடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு செய்தி. உண்ணி பரப்பும் தைலேரியா அன்னுலேட்டா மாட்டின் வெள்ளை அணுவுக்குள் புகுந்து, அதைப் புற்றுச் செல் மாதிரியே ஓயாமல் பெருக வைக்கிறது. புபர்வாகுவோன் கொடுத்து ஒட்டுண்ணியைக் கொன்றால் அந்தப் பெருக்கம் நின்றுவிடுகிறது. புற்றுநோய் ஆராய்ச்சியாளர்கள் இந்த ஒட்டுண்ணியை விடாமல் படிப்பது இதனால்தான். நாய்க்கு உண்ணி பரப்பும் கிருமிகளில் இப்படி ஒன்று காணப்படவில்லை. உண்ணி கடித்துத்தான் நாய்க்கு லிம்போமா வந்தது என்று தோப்பில் சொல்வதற்கு ஆதாரம் இல்லை.

எல்லையில் இருப்பதில் ஒரு வசதி, மேற்கே மண்ணுத்தி கால்நடைக் கல்லூரி, கிழக்கே உடுமலைப்பேட்டைக் கல்லூரி, இரண்டு பக்கமும் போகலாம். நாயையே கூட்டிப்போக முடியாவிட்டால், உள்ளூர் மாட்டாஸ்பத்திரியில் எடுத்த தகடுகளைக் காற்றில் உலர்த்திப் பெட்டியில் வைத்து பஸ்ஸில் கொண்டுபோகலாம், ஐஸ் தேவையில்லை. வெட்டி எடுத்த கட்டி கிடக்கும் ஃபார்மலின் டப்பாவை மட்டும் அதே பையில் வைக்காதீர்கள். அதன் ஆவி பட்டாலே தகட்டில் சாயம் சரியாக ஏறாது.

என் வரிசை இது: முதல் நாளே ஸ்மியர், முழு ரத்தப் பரிசோதனை, நெறி இருந்தால் ஊசி. பபீசியா சந்தேகம் என்றால் மருந்துக்கு முன் பி.சி.ஆருக்கு ரத்தம் எடுத்து வைப்பது. கையில் காசு மிச்சமிருந்தால் கிட். டாக்சிசைக்ளின் முடிந்த பிறகு “நெகட்டிவ் ஆச்சா?” என்று பார்க்க மறுபடி கிட் வாங்க வேண்டாம், அது பாசிட்டிவ் காட்டி உங்களைப் பயமுறுத்தும், அவ்வளவுதான். அந்தக் காசுக்குப் பிளேட்லெட்டை எண்ணச் சொல்லுங்கள், மருந்து முடிந்ததும் ஒரு தடவை, ஒரு மாதம் கழித்து இன்னொரு தடவை. எண்ணிக்கை ஏறி, அப்படியே நிற்கிறதா என்று பாருங்கள். ஏறாமல், நெறியும் வற்றாமல் இருந்தால் அந்தக் கணுவில் மறுபடி ஊசி வைக்கச் சொல்லுங்கள்.